கோரை முளைத்த பாத்தி

பேச்சியம்மாளுக்கு நடந்தது அநியாயம். அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் நடந்த நேரத்தில் அங்கே நின்ற ஒருவரும் சொல்லவில்லை.

மலையடிவாரத்தில் ஓர் ஆசிரமம். அதற்குள் ஓர் இலவச ஆஸ்பத்திரி. அங்கே நோயாளிகளுக்குக் கஞ்சி காய்ச்சுகிறவள் பேச்சியம்மாள். ஆண்கள் வார்டில் ஒருவர் பின் ஒருவராகப் பேதி கண்டதும், தலைமை மருத்துவர் சங்கரலிங்கம் அவளை வார்டுக்கு நடுவில் வரவழைத்தார். நோயாளிகள், கூட இருக்க வந்தவர்கள், நர்ஸ்கள், எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கையை நீட்டு" என்றார்.

நீட்டினாள்.

"திருப்பு."

திருப்பினாள்.

குனிந்து நகக்கண்களைப் பார்த்தார். நிமிர்ந்தார். தலைமை நர்ஸிடம், "சமையல்கட்டைப் பூட்டிச் சாவியை என்கிட்டக் குடுங்க. இனிமே சாப்பாடு டவுன்ல இருந்து வரட்டும்" என்றார்.

பேச்சியம்மாள் நீட்டிய கையை மடக்கவில்லை.

"டாக்டரய்யா, என் கையில என்னத்தக் கண்டிய? அதைச் சொல்லிட்டுப் பூட்டுங்க."

டாக்டர் பதில் சொல்லவில்லை. இடுப்பில் தொங்கிய சின்னப் பாட்டிலை அமுக்கி, உள்ளங்கையில் ஸ்பிரிட்டைத் தேய்த்துக்கொண்டே அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

சேதி அவளுக்கு முன்னால் ஊர் போய்ச் சேர்ந்தது. அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு வருஷா வருஷம் ஆக்கிப்போடுகிறவள் அவள்தான். அன்று சாயங்காலமே கோயில்காரர் ஒருவர் வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

"தப்பா நினைக்காத பேச்சி. இந்த வருஷம் வேற ஆளைப் பாத்துக்கிடுதோம். சனங்க பயப்படுது."

"நீரு பயப்படுதீரா?"

"எனக்கென்ன பயம்?"

"அப்போ உள்ள வந்து ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போரும்."

அவருக்கு அவசர வேலை இருந்தது. போய்விட்டார்.

டவுனிலிருந்து பொட்டலச் சாப்பாடு வந்தது. பேதி நிற்கவில்லை. பக்கத்துக் கட்டிலுக்கும், அதற்கடுத்த கட்டிலுக்கும் போயிற்று. கால் முறிந்து வந்திருந்த லாரி டிரைவர் கொம்பையாவுக்குக் கால் கூடிவிட்டது. வயிறுதான் ஆளை உருக்கியது. தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியாமல் கிடந்தார்.

ஆசிரமத்தின் குரு உமையாள் அப்போது வெளியூரில் இருந்தார். திரும்பி வந்த அன்றே டாக்டர் தோட்டத்துக்குப் போய் அவர் முன்னால் நின்றார்.

உமையாளுக்கு டாக்டரைவிட வயது மிகக் குறைவு. ஒரு காலத்தில் மருத்துவக் கல்லூரியில் கிருமிகளைப் பற்றிப் பாடம் நடத்தியவர். டாக்டரோ பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் ஓய்வு பெற்று, மனசு அமைதியாக வேண்டும் என்று இங்கே வந்தவர். "ஏதாவது கற்றுக்கொடுங்கள், அம்மா" என்று கேட்டபோது உமையாள் அவரிடம் ஒரு மண்வெட்டியைக் கொடுத்தார். டாக்டருக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் தினமும் காலையில் வந்து வெட்டினார்.

"சமையல்கட்டைப் பூட்டிட்டேன், அம்மா. பேதி நிக்கல."

"அடுத்து எதைப் பூட்டலாம்னு கேக்க வந்தீங்களா?"

டாக்டர் தலையைக் குனிந்துகொண்டார். "கொம்பையாவுக்கு ரொம்ப முடியலம்மா."

"அவர் சம்சாரம் கூட இருக்காங்களா?"

"இருக்காங்க."

"என்ன சாப்பிட்டாங்க?"

"பூட்டுறதுக்கு முன்னாடி, அதே கஞ்சிதான்."

"அவங்களுக்குப் பேதி?"

"இல்லை."

"மத்தவங்களுக்குத் துணையா வந்தவங்க?"

"அவங்களும் அதே கஞ்சிதான் குடிச்சாங்க."

"அவங்களுக்கு?"

டாக்டர் ஒரு செடியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"பேச்சியம்மா என்ன சாப்பிடுவா?"

"பானையில மிஞ்சினதை."

"ஒரே பானை. படுத்துக் கிடந்தவங்களுக்கு மட்டும் பேதி. உக்காந்து குடிச்சவங்களுக்கு இல்லை. அப்படித்தானே?"

"அவங்க எல்லாம் தெம்பான உடம்பு. நீங்க வாதத்துக்காகச் சொல்றீங்கம்மா."

"வாதம்தான் பண்றேன். இது அவ பண்ணியிருக்க வேண்டிய வாதம். நீங்கதான் நின்னு கேக்கலையே."

காற்றில் ஸ்பிரிட் வாசனை அடித்தது. டாக்டர் பழக்கதோஷத்தில் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

உமையாள் குனிந்து பாத்தியிலிருந்து ஒரு கோரையை வேரோடு பிடுங்கினார். மேலே பச்சைத் தாள். கீழே கறுப்பாக, மண் ஒட்டிய சின்னக் கிழங்கு. தாளைக் கிள்ளி டாக்டரின் ஒரு கையில் வைத்தார். கிழங்கை மற்றக் கையில் வைத்தார்.

"உங்க பாட்டிலை எடுங்க. நோயாளியைத் தொட்ட பிறகு எப்படித் தேய்ப்பீங்களோ அப்படி ரெண்டையும் தேய்ங்க."

"அங்க ஆள் கிடக்கு. நீங்க கோரையைத் தேய்க்கச் சொல்றீங்க."

"கோரைக்காக யாரும் காத்திருக்க வேண்டாம். இப்பவே போய்ச் சில காரியம் செய்யுங்க. வார்டுல எல்லாரும் சோப்புப் போட்டு, ஓடுற தண்ணியில கை கழுவணும். நீங்க உள்பட. பேதி உள்ளவங்களைத் தனி அறைக்கு மாத்துங்க. ஒருத்தருக்கு வச்ச பெட்பேன் இன்னொருத்தருக்குப் போகக் கூடாது. கட்டிலையும் தரையையும் பிளீச்சிங் பவுடர் கரைச்சுத் துடைக்கட்டும். கொம்பையாவோட மலத்தை டவுன் லேபுக்கு அனுப்புங்க."

"காரணம்?"

"அது முளைச்சு வரும்."

டாக்டர் தேய்த்தார். தாள் அவர் கையிலேயே துவண்டு நிறம் மாறியது. கிழங்கு நனைந்து பளபளத்தது, அவ்வளவுதான். உமையாள் அதை வாங்கி ஒரு தேங்காய்ச் சிரட்டையில் மண்ணைப் போட்டுப் புதைத்து, தண்ணீர் தெளித்து, டாக்டரிடமே கொடுத்தார்.

"உங்க மேஜையில வச்சுக்குங்க."

வார்டில் யாருக்கும் புதுச் சட்டம் பிடிக்கவில்லை. ஒவ்வொரு கட்டிலின் காலிலும் ஸ்பிரிட் பாட்டில் மாட்டியது டாக்டர்தான். குழாயடிக்கு நடந்து நேரத்தை வீணாக்காதே என்று நர்ஸ்களை விரட்டியவரும் அவர்தான். வந்து பார்த்த வெளியூர்க்காரர்கள் எல்லாம் அந்தப் பாட்டில்களைப் பாராட்டியிருந்தார்கள்.

"சார், முன்னாடி குழாய்கிட்ட நின்னாத் திட்டுனீங்க" என்றாள் தலைமை நர்ஸ் கோமு. "இப்ப நிக்காட்டித் திட்டுதீங்க. எதையாவது ஒண்ணைச் சொல்லுங்க, நாங்க அதுல நின்னுக்கிடுதோம்."

"கழுவுங்கம்மா."

"கழுவுதோம். மொதல்ல நீங்க வாங்க, வரிசையில நில்லுங்க."

நின்றார். எத்தனையோ வருஷமாக ஊருக்கெல்லாம் உத்தரவு போட்டவர், கையில் ஒரு துண்டுச் சோப்போடு கோமுவுக்குப் பின்னால் நின்றார்.

மேஜையில் சிரட்டை இருந்தது. போகும்போதும் வரும்போதும் பார்த்தார். மண்தான் தெரிந்தது. ஒரு நாள் காலை மண் லேசாக விரிந்து, ஊசிமுனை போல ஒரு பச்சை நின்றது.

சிரட்டையைத் தூக்கிக்கொண்டு, செருப்பு மாட்டக்கூட மறந்து, தோட்டத்துக்கு ஓடினார்.

"முளைச்சிருச்சும்மா!"

"பெயர் வைக்கலாமா?"

"ஸ்பிரிட்டுல முக்கித் தேய்ச்சது இது!"

"தாளை அது கொல்லும். கிழங்கை ஒண்ணும் பண்ணாது."

டாக்டர் சட்டைப் பையிலிருந்து லேபுக் காகிதத்தை எடுத்தார். முந்தின நாள்தான் வந்திருந்தது. குடலில் வளரும் ஒரு கிருமி. ஆபத்து வந்தால் தன்னைச் சுற்றி ஸ்பிரிட்டுக்கும் அசையாத ஓர் உறையைப் போட்டுக்கொண்டு, கட்டில் கம்பியிலும் கதவுப் பிடியிலும் மாசக்கணக்கில் சும்மா கிடக்கும். யாராவது தொட்ட கையை வாயில் வைக்கும்வரை காத்திருக்கும். படித்ததுதான். பரீட்சையில் எழுதியதுதான்.

"அப்போ பாட்டிலை எல்லாம் தூக்கிப் போட்டுரவா?"

"எதுக்கு? மத்தக் கிருமிக்கு அது வேணும். இதைக் கையில வச்சுக் கொல்ல முடியாது. வழிச்சுத் தண்ணியோட அனுப்பத்தான் முடியும்."

டாக்டர் சிரட்டையைக் கீழே வைத்தார். அப்போதுதான் தன் பாத்தி கண்ணில் பட்டது.

தோட்டத்தில் அவருக்கென்று ஒரு பாத்தி உண்டு. மழைக்கு முன்னால் அதில் கரிசலாங்கண்ணி, கீழாநெல்லி, குப்பைமேனி, அருகு என்று கண்டதும் கிடந்தது. டாக்டருக்கு அந்தக் கலப்படம் பொறுக்கவில்லை. டவுனில் களைக்கொல்லி வாங்கி வந்து, ஒரு புல் விடாமல் அடித்தார். ஆபரேஷன் தியேட்டர் மாதிரி ஆக்கிவிட்டேன் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டார். இப்போது பாத்தி முழுக்கக் கோரை. வேறு ஒரு இலை கிடையாது.

பக்கத்தில் உமையாளின் பாத்தி. அதில் எல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தன. நடுவில் எங்கோ ஒரு கோரை, நிற்க இடமில்லாமல் நோஞ்சானாக நின்றது.

"உங்க பாத்தியில கோரை வரலையேம்மா?"

"வந்திருக்கே. உங்க மண்வெட்டியில ஒட்டிக்கிட்டு வந்தது."

"வந்தும் ஏன் பரவல?"

"இடம் எங்க இருக்கு?"

டாக்டர் இரண்டு பாத்திகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நான் சுத்தம்தானே பண்ணினேன்."

"ஆமா. ரொம்பச் சுத்தம். கோரைக்கு இவ்வளவு வசதியான வீடு வேற யாரும் கட்டிக் குடுத்ததில்லை."

பிறகு உமையாள் மெதுவாகக் கேட்டார்:

"கொம்பையா கால் முறிஞ்சு வந்தாரே. முதல் நாள் என்ன குடுத்தீங்க?"

"வலிக்கு மருந்து. அப்புறம் காப்பு ஊசி."

காப்பு ஊசி என்பது டாக்டர் வைத்த பெயர். வார்டில் சேருகிற எல்லாருக்கும், காயம் சீழ் வைத்ததோ இல்லையோ, கனமான ஆன்டிபயாடிக் ஒன்றை வந்த அன்றே போட்டுவிடுவார். எதுவும் வருவதற்கு முன்னால் எல்லாவற்றையும் அழித்துவிடலாம் என்பது அவர் கணக்கு. வயிற்றில் இயல்பாகக் குடியிருக்கிற நல்ல கிருமிகளும் அதில் சேர்த்தி. கூடவே வயிறு எரியாமல் இருக்க, அமிலத்தை அடக்குகிற மாத்திரை ஒன்று.

"அவர் சம்சாரத்துக்கு ஊசி போட்டீங்களா?"

"அவங்களுக்கு எதுக்கு? அவங்க நோயாளி இல்லையே."

சொல்லி முடித்ததும் டாக்டரின் கண் தானாகத் தன் பாத்திக்குப் போனது. உமையாள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கோரை பிடுங்குகிற சாக்கில் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்றே காப்பு ஊசி நின்றது. யாருக்குத் தேவையோ அவருக்கு மட்டும், தேவைப்பட்ட மருந்து. கொம்பையாவுக்கு அந்தக் கிருமிக்கென்று உள்ள மருந்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் நிறுத்தினார். கொம்பையாவின் மனைவியும் குழாயடி வரிசையில் நின்று சோப்புப் போட்டுக் கை கழுவினாள்.

புதிதாக ஒருவருக்கும் பேதி காணவில்லை. அடுத்த நாளும் இல்லை. அதற்கடுத்த நாள் கோமு வார்டு வாசலில் நின்றுகொண்டு, யாரும் கேட்காமலே, "இன்னிக்கும் இல்ல!" என்று கத்தினாள். கட்டிலில் கிடந்தவர்கள் கைதட்டினார்கள். எதற்குத் தட்டுகிறோம் என்று தெரியாமல் புதிதாகச் சேர்ந்த ஒருவரும் சேர்ந்து தட்டினார்.

ஒரு காலை கொம்பையா தானாக எழுந்து உட்கார்ந்தார். டவுன் பொட்டலத்தைப் பிரித்தார். முகர்ந்தார். திரும்ப மடித்து மனைவியிடம் கொடுத்தார்.

"இந்த இட்லியை டயருக்குப் பஞ்சர் ஒட்ட வச்சுக்கலாம். பேச்சி எங்க? அவ கஞ்சி இல்லையா?"

அவர் மனைவி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழுகைக்கு நடுவே சிரிப்பும் வந்தது. "செத்துப் பொழைச்சு வந்து கேக்கிறது என்னன்னு பாருங்க!"

டாக்டரும் சிரித்தார். அன்றே சமையல்கட்டைத் திறந்தார். கோமுவிடம் சாவியைக் கொடுத்துப் பேச்சியம்மாள் வீட்டுக்கு அனுப்பினார். எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார்.

கோமு சாவியோடு திரும்பி வந்தாள்.

"வாங்க மாட்டேன்னுட்டா, சார்."

"ஏன்? என்ன சொன்னா?"

"'நான் சாவியாக் கேட்டேன்? பதிலைல்லா கேட்டேன்'ங்கா."

டாக்டர் சாவியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனார். உமையாள் மண்ணில் உட்கார்ந்திருந்தார்.

"பேச்சியம்மா வர மாட்டேங்கிறா. நான் என்ன பதில் சொல்லட்டும்?"

"கேள்வி என்கிட்ட வரலையே, டாக்டர்."

"விளக்கமா எடுத்துச் சொல்லிப் பாக்குறேன். இது என்ன கிருமி, உறை எப்படிப் போடும், ஊசிக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்..."

"அவ கிருமியைப் பத்தி ஒரு வார்த்தை கேட்டாளா?"

"இல்லை."

"வேற என்ன கேட்டா?"

டாக்டருக்கு ஞாபகம் இருந்தது. அவள் கேட்ட வார்த்தை ஒவ்வொன்றும் ஞாபகம் இருந்தது. ஆனால் வாய்விட்டுச் சொல்லவில்லை.

"ரொம்பச் சின்னக் கேள்விம்மா" என்றார்.

"அப்போ பதிலும் சின்னதாத்தான் இருக்கும்" என்றார் உமையாள். "அதான் கஷ்டம்."

டாக்டர் அவள் வீட்டுக்கு நடந்தே போனார். பேச்சியம்மாள் வாசலில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை.

"பேச்சியம்மா, அன்னிக்கு நீங்க கேட்டது..."

"இங்க எதுக்குச் சொல்லுதிய? இங்கயா வச்சுக் கேட்டேன்?" முறத்தை ஒரு தட்டுத் தட்டினாள். "எங்க வச்சுக் கேட்டனோ அங்க வச்சுச் சொல்லுங்க. எவன் எவன் பாத்துக்கிட்டு நின்னானோ அவனையெல்லாம் நிக்க வச்சுச் சொல்லுங்க."

"வாங்க" என்றார் டாக்டர்.

அவள் முறத்தை வைத்துவிட்டு எழுந்தாள். தெருவில் அவள் முன்னாலும் அவர் பின்னாலுமாகப் போவதைப் பார்த்து, கோயில்காரரும் இன்னும் நாலைந்து பேரும் கூடவே வந்துவிட்டார்கள். ஊரில் இந்த மாதிரிக் காட்சி அடிக்கடி கிடைக்காது.

ஆண்கள் வார்டு நிரம்பியது. கொம்பையா தலையணையை முதுகுக்குக் கொடுத்து வசதியாக உட்கார்ந்தார். உமையாள் வந்து, யாருக்கும் மறைக்காதபடி, குழாயடிப் பக்கம் நின்றுகொண்டார்.

டாக்டர் குழாயைத் திறந்தார். சோப்புப் போட்டார். விரல் இடுக்கு, நகக்கண், மணிக்கட்டு என்று அவசரப்படாமல் கழுவினார். பிறகு வார்டு நடுவில் வந்து, அன்று அவள் நின்ற அதே இடத்தில் நின்று, இரண்டு கைகளையும் அவள் முன்னால் நீட்டினார்.

பேச்சியம்மாள் இதை எதிர்பார்க்கவில்லை. ஒரு நிமிஷம் அவளுக்கே சங்கடமாகிவிட்டது. பிறகு சமாளித்துக்கொண்டாள்.

"திருப்புங்க."

திருப்பினார்.

குனிந்து பார்த்தாள். "கட்டைவிரல்ல நகம் வெட்டல."

வார்டே சிரித்தது. கோமு சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். டாக்டர் நீட்டிய கையை மடக்கவில்லை.

"சரி" என்றாள் பேச்சியம்மாள். சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தாள். "அன்னிக்குக் கேட்டதையே இன்னிக்கும் கேக்கேன். என் கையில என்னத்தக் கண்டிய?"

டாக்டர் உமையாளைப் பார்த்தார். உமையாள் சொட்டிக்கொண்டிருந்த குழாயைத் திருகி மூடினார்.

"ஒண்ணும் காணலை, பேச்சியம்மா" என்றார் டாக்டர். "உங்க கை சுத்தமா இருந்துது. அது அன்னிக்கே எனக்குத் தெரியும். அதனாலதான் பதில் சொல்லாமப் போனேன்."